நாற்காலிகள் மூச்சு விடுவதில்லை

கொய்வுலா, 29 அக்டோபர் 1995

தம்பி வெய்க்கோவுக்கு,

போன் செய்தால் வைத்துவிடுகிறாய். நகராட்சி அலுவலகத்துக்கு வந்தால், கட்டடப் பிரிவுப் பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்று அந்தப் பெண் சொல்கிறாள். உன் மேல்கோட்டோ அவள் முதுகுக்குப் பின்னால் கொக்கியில் தொங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடு.

செப்டம்பரில் வகுப்பறையில் காற்றே இல்லை என்று நான் வந்து சொன்னபோது நாலு பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "அக்கா, டீச்சருங்கல்லாம் இன்ஜினியர் ஆயிட்டா நாங்க எங்க போறது?" எல்லோரும் சிரித்தார்கள். லம்பேலா கூடச் சிரித்தார். நம் நகராட்சியின் தலைமை அதிகாரிக்குப் பல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது நீ சிரிக்காமல் கேள். என் நான்காம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். காலையில் வரும்போது சண்டை, கூச்சல், எல்லாம் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து திரும்பினால் அறையே மந்தித்துப்போகிறது. ஹென்னி என்று ஒரு பெண், வாயாடி, மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "டீச்சர், என் தலைக்குள்ள யாரோ கம்பளிய அடைச்சுட்டாங்க." போன வாரம் பாட்டு வகுப்பில் ஒஸ்ஸி மயங்கி விழுந்தான். அவனுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "வளர்ற வயசு, இப்படித்தான் இருக்கும்" என்று போய்விட்டாள். நான்காம் வகுப்பு முழுவதும் தினமும் மதியத்தில் மட்டும் வளர்கிறதா?

கோடையில் பள்ளியின் வெளிச்சுவருக்குப் புதுப் போர்வை போட்டீர்கள். புது ஜன்னல்கள் வைத்தீர்கள். சூடு வெளியே போய்விடக்கூடாது என்று ஒவ்வொரு ஜன்னலையும் திருகாணி போட்டு இறுக்கினீர்கள். காற்று மேலே குழாய் வழியாக வரும் என்றீர்கள். வரவில்லை, வெய்க்கோ.

ஊலு நகரில் தொழிலாளர் நலக் கூடத்தில் வேலை செய்யும் என் தோழி கைசுவிடம் கேட்டு, கரியமிலவாயுவை அளக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். பத்து லட்சம் பங்கில் ஆயிரத்து ஐந்நூறு பங்கைத் தாண்டினால் அந்த அறையின் காற்று சரியில்லை என்கிறாள். என் அறையில் மதியம் இரண்டாயிரத்து எண்ணூறு.

ஒரு வாரம் பார்ப்பேன். பிறகு திருகாணிகளை நானே கழற்றுவேன்.

ரைலி

*

கொய்வுலா, 3 நவம்பர் 1995

அக்கா,

என்னிடம் மேல்கோட்டு இரண்டு இருக்கின்றன. நான் கூட்டத்தில்தான் இருந்தேன்.

உன் புகார் வந்ததும் நான் சும்மா இருந்துவிடவில்லை. வெளியூர் நிறுவனம் ஒன்றை வரவழைத்து அக்டோபரில் எல்லா அறைகளையும் அளக்கச் சொன்னேன். உன் அறையில் நானூற்று முப்பது. மிக நல்ல எண். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான். காற்று இயந்திரம் ஓடுகிறது. கூரைக்கடியில் இருக்கும் அறைக்கு ஏறிப் போய்ப் பச்சை விளக்கு எரிவதை என் கண்ணால் பார்த்தேன்.

உன் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு வருவோம். பெட்டியை எங்கே வைத்தாய்? உன் மேசை மேல்தானே? பாடம் நடத்தும்போது அதன் முகத்திலேயே மூச்சு விட்டிருப்பாய். நீ நடத்துகிற பாடத்தில் சத்தமும் அதிகம், மூச்சும் அதிகம்.

அளப்பதென்றால் ஒழுங்காக அள. பெட்டியை முதலில் வெளியே எடுத்துப் போ. திறந்தவெளியில் அது என்ன காட்டுகிறது என்று பார். பிறகு அறையின் நடுவில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மூக்கு உயரத்தில் வை. கதவு, ஜன்னல், சூடேற்றி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. யாரும் அதன் மேல் குனியக்கூடாது. எண் நிலைக்கும் வரை காத்திரு.

இதை உனக்கு உதவி செய்வதற்காக எழுதவில்லை. ஒருவர் தப்பாக அளப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

திருகாணிகளைத் தொடாதே. அவை நகராட்சியின் சொத்து.

வெய்க்கோ

*

கொய்வுலா, 12 நவம்பர் 1995

வெய்க்கோ,

நீ சொன்னபடியே அளந்தேன். பெட்டியை ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன், முந்நூற்று அறுபது. வகுப்பின் நடுவில், ஒஸ்ஸிக்கும் ஹென்னிக்கும் இடையில், ஒரு நாற்காலி மேல் இரண்டு அகராதிகளை அடுக்கி மூக்கு உயரத்தில் வைத்தேன். மதியம் இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஆக, என் மூச்சு நூற்றைம்பது பெறும். மீதியை என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

திருகாணிகளைத் தொட்டேன். கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக்கொண்டு போய், பிள்ளைகள் முன்னாலேயே மூன்று ஜன்னல்களின் திருகாணிகளையும் கழற்றினேன். திறந்ததும் என்ன சத்தம் தெரியுமா? இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில், "ஹா!" ஹென்னி, "டீச்சர், ஏரி வாசன வருது" என்றாள். ஓர் இடைவேளைக்குள் பெட்டி எழுநூறுக்கு இறங்கிவிட்டது.

மறுநாளே உன் ஆள் வந்தான். இம்முறை கொண்டுவந்தது தலையே இல்லாத திருகாணிகள். உள்ளே போனால் எந்த ஸ்க்ரூ டிரைவராலும் வெளியே வராதவை. இதை யோசித்த மூளை யாருடையது? அவனிடம் கேட்டேன்.

"டீச்சர், என்னைத் திட்டாதீங்க. எனக்கும் இங்க ஒரு புள்ள படிக்குது."

"அப்புறம் எதுக்குய்யா மூடறே?"

"மூடச் சொன்னாங்க, மூடறேன்."

அவனை நான் திட்டவில்லை. தலைமையாசிரியர் கையால் எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. நகராட்சிச் சொத்தைச் சேதப்படுத்தினேனாம்.

சரி. சொத்தை இனி நான் தொடமாட்டேன். அதற்குள்ளேயே போகமாட்டேன். நாளை முதல் என் வகுப்பு வெளியே.

ரைலி

*

கொய்வுலா, 20 நவம்பர் 1995

அக்கா,

இன்று காலை லம்பேலா என்னை அழைத்து மேசை மேல் செய்தித்தாளை விரித்தார். அதில் உன் படம். பிர்ச் மரத்தில் கரும்பலகையைக் கட்டி வைத்துக்கொண்டு நீ வகுத்தல் கணக்குப் போடுகிறாய். பிள்ளைகள் பனியில் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி.

"உங்க அக்காவையே அடக்க முடியல, அவ்வளவு பெரிய கட்டடத்த எப்படிப் பாத்துக்கப் போறீங்க?" என்றார்.

"அவங்கள அடக்க எங்க வீட்டுலயே யாராலயும் முடிஞ்சதில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உனக்கு இது விளையாட்டாக இருக்கலாம். பொருளாதார வீழ்ச்சியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய நகராட்சி இது. கட்டடங்களைச் சூடேற்றும் எண்ணெய்ச் செலவைக் குறைக்காவிட்டால் நூலகத்தை மூட வேண்டியிருக்கும். அந்தப் போர்வையையும் ஜன்னலையும் கொண்டுவர நான் எத்தனை பேரிடம் வாதாடினேன் தெரியுமா? பள்ளியைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஊருக்கு நடுவே நின்று, அது பிள்ளைகளைக் கொல்கிறது என்கிறாய்.

பச்சை விளக்கு எரிகிறது. நிறுவனம் அளந்திருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தைப் பொய் என்கிறாயா?

இனி எனக்கு எழுதாதே.

வெய்க்கோ

*

கொய்வுலா, 28 நவம்பர் 1995

வெய்க்கோ,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

முதலில் நிமோனியா பற்றி. பனியில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அது வரும் என்றுதான் லம்பேலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இரண்டு வாரமாக ஒருவருக்கும் தலைவலி இல்லை. ஒஸ்ஸி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கைகளைத் தேய்த்துக்கொள்கிறார்கள், மூக்கு ஒழுகுகிறது, பென்சிலைக் கையுறையோடு பிடிப்பதால் எழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கிறது. ஆனால் மதியத்துக்குப் பிறகும் என்னோடு வாதாடுகிறார்கள். வாதாடுகிற பிள்ளை நல்ல பிள்ளை.

இனி உன் கையெழுத்து. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நீ கற்றுக்கொடுத்தபடி ஏரிக்கரையில் அளந்தேனே, முந்நூற்று அறுபது. உன் நிறுவனம் என் அறையில் அளந்தது நானூற்று முப்பது. கதவை மூடிக்கொண்டு இருபத்தாறு பிள்ளைகளும் சத்தமாகப் பாடம் நடத்தும் ஒருத்தியும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அறை, ஏரிக்கரை மாதிரி எப்படி இருக்கும்? ஜன்னலைத் திறந்து வைத்தபோதே எழுநூறு வந்ததே.

அதனால் எல்லா வகுப்புகளிலும் போய்க் கேட்டேன். காற்றை அளக்க வந்தவர்களை யார் பார்த்தீர்கள்? ஒரு பிள்ளைகூடக் கை தூக்கவில்லை. ஓர் ஆசிரியரும் பார்க்கவில்லை. பெருக்கித் துடைக்கும் அம்மாதான் சொன்னாள்: "இலையுதிர் லீவுல ரெண்டு பேர் வந்தாங்க டீச்சர். சுத்திச் சுத்தி வந்தாங்க. காபி கெடைக்குமான்னு கேட்டாங்க. நான் எங்க போவேன் காபிக்கு, ஸ்கூலே காலியா கெடக்கு."

லீவு, வெய்க்கோ. காலி அறைகளை அளந்திருக்கிறார்கள். நாற்காலிகள் மூச்சு விடுவதில்லை.

நீ பொறியாளன். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ரைலி

*

ஊலு, 9 ஜனவரி 1996

வெய்க்கோ,

நீ பதில் போடவில்லை. பதில் லம்பேலாவிடமிருந்து வந்தது. வசந்தம் வரை என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் பிள்ளைகளை ஒரு மாற்று ஆசிரியை மறுபடியும் அந்த அறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. பாவம், புதிதாக வேலைக்கு வந்தவள்.

நான் கைசு வீட்டில் இருக்கிறேன். கொய்வுலாவில் கடைக்குப் போனால் பாதிப் பேர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், பாதிப் பேர் பால் புட்டியின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பது போல நடிக்கிறார்கள். இரண்டுமே சலித்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டால் திரும்ப வரலாமாம். யாரிடம் கேட்பது? திருகாணியிடமா?

கிர்ஸ்தி கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியிருந்தாள். உன் பெயரையும் உன் மனைவியே எழுதியிருக்கிறாள், எனக்கு அவள் கையெழுத்து தெரியும். ஒஸ்ஸியின் அம்மா போன் செய்தாள். மறுபடியும் மூச்சிரைப்பு வந்து அவன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தானாம்.

என்னை நம்ப வேண்டாம். போய் ஒரு நாள் அந்த அறையில் உட்கார். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ரைலி

*

கொய்வுலா, 24 ஜனவரி 1996

அக்கா,

நேற்று உன் வகுப்பில் உட்கார்ந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் என் சொந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. உன் வாயாடி திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க புது டீச்சரா?"

"இல்ல. காத்த அளக்க வந்திருக்கேன்."

"எங்க டீச்சர் ஏற்கெனவே அளந்துட்டாங்களே."

"தெரியும்."

"அவங்க அளந்தத நீங்க நம்பலையா?"

மாற்று ஆசிரியை அவளை அதட்டினாள். நல்லவேளை, எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கருவியை நான் பார்க்கவேயில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. எனக்கே நெற்றிக்குப் பின்னால் கல்லைக் கட்டியது போல இருந்தது. ஒஸ்ஸி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறான், அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கிறது. அப்புறம்தான் கருவியைப் பார்த்தேன். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. உன் மூச்சு இல்லாமலே.

காற்று அசைகிறதா என்று பார்க்க, புகை விடும் குழல் ஒன்று கொண்டு போயிருந்தேன். காற்று வரும் துளைக்கு அடியில் பிடித்தேன். வந்தால் புகை கலைய வேண்டும். அசையாமல் நின்றது. பிள்ளைகள் எல்லாம் மேசையில் ஏறிப் பார்த்தார்கள். "மாமா, அது செத்துப் போச்சா?" என்று ஒருவன் கேட்டான்.

இயந்திர அறைக்கு ஏறினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏணியை வைத்து வெளிப்பக்கம் போய், காற்று உள்ளே நுழையும் வாயைப் பார்த்தேன். கோடையில் சுவர் வேலை நடந்தபோது தூசி போகாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நாலு பக்கமும் நாடா ஒட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தவர்கள் அதைப் பிரிக்கவில்லை. விளக்கு மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும்தான் சொல்லும். காற்று வருகிறது என்று சொல்லாது. இது எனக்குத் தெரியாததல்ல.

தாளைப் பிய்த்து எடுத்தேன். என்னோடு எடுத்து வந்திருக்கிறேன். கீழே வந்து மறுபடியும் குழலைப் பிடித்தபோது புகை சுழன்றது, பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நாளை லம்பேலாவைப் பார்க்கிறேன்.

வெய்க்கோ

*

ஊலு, 30 ஜனவரி 1996

வெய்க்கோ,

உன் கடிதத்தைக் கைசுவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழங்கால் காதைத் தொட்ட இடத்தில் அவள் சிரித்தாள். ஒஸ்ஸி வரும் இடத்தில் இருவரும் சிரிக்கவில்லை.

லம்பேலா என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "சரி பண்ணியாச்சு இல்ல, விடுங்க" என்பார். விடாதே. ஒரு வாயை நீ திறந்துவிட்டாய். ஜன்னல்கள் இன்னும் மூடித்தான் இருக்கின்றன. மற்ற அறைகளை இன்றுவரை பிள்ளைகளோடு யாரும் அளக்கவில்லை.

நான் வரட்டுமா என்று கேட்கமாட்டேன். இது உன் சண்டையும்கூட. நீ போடு.

ரைலி

*

கொய்வுலா, 16 பிப்ரவரி 1996

அக்கா,

நீ சொன்ன அதே வார்த்தைகள். "சரி பண்ணியாச்சு இல்ல வெய்க்கோ, விடுங்க. திரும்ப ஒரு தடவ அளந்து, நல்ல எண்ணாப் பாத்து கையெழுத்துப் போடுங்க. பழசப் பத்திப் பேச வேணாம்."

"அப்ப எங்க அக்கா விஷயம்?"

"அவங்க சொத்தைச் சேதப்படுத்தினது சேதப்படுத்தினதுதானே?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அது உங்க வேலை."

"என் வேலை கட்டடத்தப் பாத்துக்கறது. உங்களப் பாத்துக்கறது இல்ல."

சொல்லிவிட்டு வெளியேறினேன். கோட்டை மறந்துவிட்டு வந்துவிட்டேன். பனியில் வீடு வரை அப்படியே நடந்தேன்; திரும்பப் போய் எடுக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை நகர மன்றக் கூட்டம். பேசுவோர் பட்டியலில் நான் இல்லை. இருந்தும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். பள்ளி விஷயம் வந்ததும், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று லம்பேலா இரண்டு வரியில் முடிக்கப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். தலைவி, "நீங்க பேசறதுக்கு அனுமதி வாங்கல" என்றாள். "வாங்கல" என்றேன். பேசினேன்.

கருவியை மேசை மேல் வைத்தேன். கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ரூம்ல இப்ப நாப்பது பேர் உக்காந்திருக்கோம். எழுநூத்தி இருபது காட்டுது. நல்ல காத்து. உங்க தலைக்கு மேல இருக்கற இயந்திரத்த நான்தான் பாத்துக்கறேன், வருஷத்துக்கு ரெண்டு தடவ தொறந்து பாக்கறேன். ஸ்கூல்ல இருபத்தாறு புள்ளைங்க ரூம்ல ரெண்டாயிரத்து எண்ணூத்தி நாப்பது. அத நான் தொறந்து பாக்கல. காலி ரூம அளந்த பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன். எங்க அக்கா ஜன்னலத் தொறந்தாங்க. தப்பு செஞ்சது யாரு?"

பிளாஸ்டிக் தாளையும் மேசை மேல் விரித்தேன். பெரிய தாள். முன்வரிசையில் இருந்தவர்களின் காபிக் கோப்பைகள் அதற்கடியில் போய்விட்டன.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. ஜன்னல்கள் திறக்கப்படும். எல்லா அறைகளையும் பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது அளக்க வேண்டும். நீ திரும்ப வரலாம்.

என்னைச் சாலைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பனி வாரும் வண்டிகளை இனி நான்தான் பார்த்துக்கொள்வேன். கிர்ஸ்தி, "காத்துக்கு அங்க கொறச்சலே இல்ல" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

இன்னொன்று. செப்டம்பரில் நாலு பேர் முன்னால் சொன்னதை, திங்கட்கிழமை நாற்பது பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

வெய்க்கோ

*

கொய்வுலா, 12 மார்ச் 1996

தம்பி வெய்க்கோவுக்கு,

திரும்பி வந்துவிட்டேன். முதலில் லம்பேலா அறைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு தாளை நீட்டினார். நகராட்சி ஜன்னல்களில் "யோசிக்காமல்" கைவைத்ததற்கு வருந்துகிறேன் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். வெறும் சம்பிரதாயம் என்றார். பேனா கேட்டேன். "யோசிக்காமல்" என்பதை அடித்து "யோசித்துத்தான்" என்று எழுதினேன். "வருந்துகிறேன்" என்பதை அடித்து "தேவைப்பட்டால் மறுபடியும் வைப்பேன்" என்று எழுதினேன். பிறகு பளிச்சென்று கையெழுத்துப் போட்டேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கவும் முடியவில்லை, கோப்பில் வைக்கவும் முடியவில்லை.

உன்னைப் பனி வண்டிகளுக்கு அனுப்பியதற்கு எதிராக ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மன்றத்துக்கு மனுக் கொடுக்கிறோம். வேண்டாம் என்று நீ சொல்வாய். நீ சொல்வதை நான் எப்போது கேட்டேன்?

தலையில்லாத திருகாணிகளைத் துளைபோட்டுத்தான் எடுத்தார்கள். போட்ட அதே ஆள்தான் வந்தான். வேலையை முடித்துவிட்டு, அவனே ஒரு ஜன்னலைத் திறந்து நாலு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டுப் போனான். ஒஸ்ஸிக்கு மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். பாட்டு வகுப்பில் இப்போது முதல் வரிசையில் நிற்கிறான். சுருதிதான் சேரவில்லை. அதற்கு நகராட்சி பொறுப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிர்ஸ்தியையும் கூட்டிக்கொண்டு வா. சௌனா நீராவிக் குளியலறையைச் சூடாக்கி வைக்கிறேன். போன் செய்துவிட்டு வர வேண்டியதில்லை.

நேற்று மாலை எனக்கு ஒரு போன் வந்தது. மன்றத்தில் நமக்கு எதிராக ஓட்டுப் போட்ட அம்மாள். அவள் பையனும் என் வகுப்புதான். "டீச்சர், நீங்க இடைவேளைக்கு இடைவேள ஜன்னலத் தொறந்து வைக்கிறீங்களாம். எம் புள்ள குளிருதுங்கறான்" என்றாள்.

"ஸ்வெட்டர் குடுத்து அனுப்புங்க" என்றேன். "மூச்ச நாங்க பாத்துக்கறோம்."

ரைலி